கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை

கொரோனா காலம். அன்று காலை நோயாளிகள் வரிசை வாசல்படி தாண்டித் தெருவில் நின்றது. எல்லார் முகத்திலும் மாஸ்க். எங்கள் ஆஸ்பத்திரி ஆயா பேச்சியம்மாள் மட்டும் தன் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு நோயாளியின் முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“ஏ பேச்சி! ஒனக்கு எத்தன தடவ சொல்லுதது? ஊரு கெடக்க கெடையில வாயத் தொறந்து போட்டுட்டு நிக்கே! ஒன்னால இங்க இருக்க எல்லாத்துக்கும் வரணுமா?”

விரலை அவள் தாடைப் பக்கம் நீட்டி, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் ஏசினேன். அவள் என் கண்ணையே பார்த்தாள். மாஸ்க்கை மூக்கு வரை ஏற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

நான் அந்த நோயாளியிடம் திரும்பினேன். “என்னம்மா செய்யுது?”

“ஆமா” என்றாள்.

“எத்தன நாளா?”

“ஆமா சிஸ்டர்.”

“காய்ச்சல் இருக்கா, இல்லியா?”

“ஆமா.”

சரி, இவளுக்கு மூளைக்கு ஏறவில்லை என்று முடிவு கட்டிச் சீட்டில் ‘சொல்வதைப் புரிந்துகொள்ளவில்லை’ என்று எழுதப் போனேன். பேச்சி பக்கத்தில் வந்து என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அவளுக்குப் புரியாம இல்ல சிஸ்டர். நீங்க வாய மூடிக்கிட்டுப் பேசுதிய. அவ தறிக்காரி. தறிக்காரிக்குக் காது ஏது? எல்லாம் கண்ணுதான். ஒதட்டப் பாத்துத்தான் பதில் சொல்லுவா.”

நான் நாலு எட்டு பின்னால் போய், சன்னலோரம் நின்று, என் மாஸ்க்கை இறக்கினேன். “காய்ச்சல் இருக்கா தாயி?” என்றேன். அந்தப் பெண் மூன்று நாள் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கடையநல்லூரிலிருந்து ஒரு வாசகி, ‘உங்களுக்கு இவ்வளவு கோபம் ஆகாது’ என்று எழுதியிருக்கிறார். ஆகாதுதான் அம்மா. ஆனால் இந்த வாரமும் குறைவதற்கு வழியில்லை.

தறித் தெருப் பேச்சு

நான் குருவிகுளம் பக்கத்துக் காட்டூர்க்காரி. ஒரு பாட்டம் மழைக்கு ஒரு வருஷம் வானத்தைப் பார்த்து நிற்கிற பூமி. ஒரு புஞ்சையில் இருப்பவரை அடுத்த புஞ்சையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டே எங்கள் தொண்டையெல்லாம் பெரிசாகிவிடும். சங்கரன்கோவிலுக்கு வேலைக்கு வந்த புதிதில், இந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலவே சத்தம் போட்டுப் பேசுகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். ஏன் சத்தம் போடுகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வரிசையாக விசைத்தறிக் கூடங்கள். உள்ளே நுழைந்தால் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலில் ஏறும். காலையில் போகிற பெண்கள் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவார்கள்.

ஒரு நாள் நான் ஊசி போட ஒரு தறிக்கூடத்துக்குப் போயிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதியிலும் பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. உதடு மட்டும் அசைந்தது, சிரித்தார்கள், ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் மட்டும் இல்லை. சத்தம் தேவைப்படும் என்கிற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை.

அதை நான் வேடிக்கை என்று நினைத்து வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன். எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாஸ்க் வந்து எல்லார் வாயையும் மூடின பிறகுதான் உறைத்தது.

பேச்சியும் பதினெட்டு வருஷம் தறியில் நின்றவள். அப்புறம்தான் எங்களிடம் ஆயாவாக வந்தாள். தரை துடைப்பது, கட்டில் விரிப்பது, நோயாளியைத் தாங்கிப் பிடிப்பது எல்லாம் படு சுத்தம். ஒரே ஒரு குறை. வரவேற்பு மேசைப் போன் எத்தனை தடவை அடித்தாலும் எடுக்க மாட்டாள். அதன் பக்கத்திலேயே துடைத்துக்கொண்டு இருப்பாள், எடுக்க மாட்டாள். அதற்காக ஏழு வருஷமாக நான் அவளை ஏசாத நாள் கிடையாது. ‘என்ன திமிர்’ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

பால் பொங்குது

எங்கள் டாக்டர் செல்வம் சின்ன வயதுக்காரர். சொந்த ஆஸ்பத்திரி, பத்துக் கட்டில். நான் நடந்ததைச் சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சிஸ்டர், இதை எழுதணும். ஹெல்த் சயின்ஸ் ஜர்னல் ஒண்ணுக்கு அனுப்புவோம்.”

“யாரு எழுதுதது?”

“நீங்கதான். நான் திருத்தித் தாறேன்.”

எனக்குப் பயமெல்லாம் வரவில்லை. ஆத்திரம்தான் இருந்தது. எத்தனை வருஷமாக எத்தனை பெண்களுக்கு ‘சொன்ன பேச்சு கேட்கவில்லை’, ‘மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை’ என்று சீட்டில் எழுதியிருப்பேன்! எழுதத்தான் வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் யாருக்கெல்லாம் காது மந்தம் என்று பார்க்க வேண்டுமே. எங்களிடம் கருவி கிடையாது. வழி சொன்னவள் பேச்சிதான்.

“மொதல்ல முந்தானையால வாய மூடிக்கிட்டு, ‘ஏட்டி, ஒன் அடுப்புல பால் பொங்குது’ன்னு சொல்லணும். கேட்டுதுன்னா ஓடுவா. அசையாம நின்னான்னா முந்தானைய எடுத்துட்டு அதையே சொல்லணும். அப்ப ஓடுனான்னா, அவளுக்குக் கண்ணுதான் காது.”

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. “இது நல்ல டெஸ்ட் சிஸ்டர்” என்றார்.

பேச்சி வேலை முடிந்து வீடு வீடாகப் போனாள். போன இடமெல்லாம் பால் பொங்கியது. வந்து சொல்லச் சொல்ல நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். நானும் அவளோடு போய் ஒவ்வொருத்தியிடமும், “காது நல்லாக் கேக்குதா?” என்று கேட்டேன். எல்லாரும் நல்லாக் கேக்குது என்றார்கள். ‘தம் குறையை அறிந்திருக்கவில்லை’ என்று ஒரு கட்டம் போட்டு, அதில் வரிசையாக டிக் அடித்தேன். இந்த டிக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் நான் போட்ட தப்பான டிக்குகளில் இதுதான் பெரியது.

ஜர்னலுக்கு எழுதுவது என்றால் பிரசவம் பார்ப்பதைவிடப் பெரிய வேலை. கட்டுரைகளில் பல வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். நாங்கள் முதலில் எடுத்தது ஆய்வுக் கட்டுரை. அதற்குச் சுருக்கம் தனி, முன்னுரை தனி, எப்படிச் செய்தோம் என்பது தனி, என்ன கிடைத்தது என்பது தனி. வரிக்கு வரி இடைவெளி விட வேண்டும். எழுதியவர் பெயர் கட்டுரைக்குள் எங்கேயும் வரக்கூடாது, தனித் தாளில் இருக்க வேண்டும். ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு மாதம் ஆனது.

ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஆய்வு தொடங்கும் முன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கினீர்களா என்று ஒரே கேள்வி. வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. பால் பொங்குது என்று சொல்வதற்கு அனுமதியா என்று நான் குதித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டது நியாயம்தான். ஒருத்தியைச் சோதிக்கும்போது, சோதிக்கிறோம் என்று அவளிடம் சொல்ல வேண்டாமா?

ஒரே ஒரு நோயாளி

டாக்டருக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவர் வெளியூரில் பெரிய கல்லூரியில் இருந்தார். டாக்டர் அவரிடம் கேட்டார்.

“ஆய்வெல்லாம் எதுக்குப்பா? ஒரே ஒரு நோயாளியை எடு. கேஸ் ரிப்போர்ட்டா எழுதுவோம். காது டெஸ்ட் ரிப்போர்ட், ஒரு போட்டோ, நோயாளியோட சம்மதக் கையெழுத்து. மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்று அவர் சொன்னாராம்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு தறித் தெருவுக்குக் கிளம்பினேன். பேச்சி வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மாஸ்க்கை இறக்கி, எங்கே போகிறேன் என்று சொன்னதும், என் வாயைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு, துடைப்பானைச் சுவரில் சாத்தினாள்.

“என்னத்துக்கு வெயில்ல அலையுதிய? நான் இருக்கேம்லா.”

“நீ இருந்து என்ன செய்ய?”

“காதுதான வேணும்? எனக்கும் போயிட்டு சிஸ்டர். தறிய விட்டு வரும்போதே போயிட்டு.”

“வெளையாடாத. நான் ஏசுததெல்லாம் ஒனக்கு நல்லாக் கேக்கத்தான செய்யுது?”

“நீங்க ஏசும்போது ஒங்க வாயி நல்லாப் பெரிசாத் தெரியும். அன்னைக்கி மாஸ்க் போட்டுக்கிட்டு ஏசுனிய பாருங்க, ஒரு எழுத்து கேக்கல. கண்ணப் பாத்தேன், வெரலப் பாத்தேன். சரி, நம்மளத்தான் ஏசுதாவன்னு ஏத்தி விட்டுக்கிட்டேன்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் மேசையைக் காட்டினாள்.

“போன ஏன் எடுக்க மாட்டேங்கேன்னு ஏழு வருசமா ஏசுதியளே. போனுக்கு வாயா இருக்கு, பாக்கதுக்கு?”

அங்கனயே படியில் உட்கார்ந்துவிட்டேன். தறிக்காரிகளின் காதைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு மாதம் உட்கார்ந்து கட்டுரை எழுதியவள் நான். ஏழு வருஷமாகப் பக்கத்தில் நிற்கிறவளைக் கண்டுபிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

“ஏன் பேச்சி சொல்லல?”

“சொன்னா வெச்சிருப்பியளா? தறியில சொன்னா நாளைக்கி வராதம்மான்னுருவாவ. செவிட்டு ஆயாவ ஆஸ்பத்திரியில மட்டும் வெப்பாவளா? மவளுக்கு வேற மாப்பிள்ள பாக்குதோம். ஆத்தா செவிடுன்னா மவ காதையும்லா நோண்டிப் பாப்பாவ.”

டாக்டரிடம் நான்தான் சொன்னேன், அவள் சொல்லச் சொன்ன பிறகு. அவர், “நாளைல இருந்து போனை வேற ஆள் எடுக்கட்டும்” என்றார். வேலை விஷயம் அதோடு முடிந்தது. ஏழு வருஷப் பயம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. முன்னாலேயே கேட்டிருந்தால் முன்னாலேயே தீர்ந்திருக்கும்.

காது டெஸ்டுக்குத் திருநெல்வேலிக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பேச்சி அந்தப் பக்கம் இருந்த பையனின் முகத்தைப் பார்த்தே டக் டக்கென்று கை தூக்கினாள். அவன் குழம்பிப்போய்க் கடைசியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சோதித்தான். அப்புறம் பேச்சி கை தூக்கவே இல்லை.

“நான் என்னத்தக் களவாண்டேன்?”

பேராசிரியர் எழுதிய கேஸ் ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்தது. நல்ல ஆங்கிலம், ஒத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் முதலில். அடுத்து அவருடைய துறையில் வேலை பார்க்கும் ஒருவர், நான் முகம்கூடப் பார்த்ததில்லை. அப்புறம் டாக்டர் செல்வம். கடைசியில் நான்.

சம்மதக் கையெழுத்து வாங்கும் முன், உள்ளே என்ன இருக்கிறது என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பேச்சியை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். குனிந்து தாளைப் பார்த்துப் படித்தால், “நிமிந்து சொல்லுங்க” என்பாள். நிமிர்ந்து சொன்னேன்.

“நாற்பதுகளில் உள்ள ஒரு பெண். தனக்குக் காது கேட்கும் திறன் குறைந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.”

“யாருக்குத் தெரியல?”

“ஒனக்கு.”

“எனக்குத் தெரியாதுன்னு அவருக்கு யாரு சொன்னா?”

நான் மறுபடி அந்த வரியைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியும் சிஸ்டர். தறியில நிக்க அம்புட்டுப் பேத்துக்கும் தெரியும். சொன்னா சோறு போயிரும், அதான் சொல்ல மாட்டோம். நீங்க நோட்டத் தூக்கிக்கிட்டு வந்து நடுத்தெருவுல காது கேக்குதான்னா, இல்லன்னு எவ சொல்லுவா? தெரியலன்னு எழுதாதிய. தெரிஞ்சும் சொல்லலன்னு எழுதுங்க.”

என் டிக் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. பேராசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவர் என் நோட்டைப் பார்த்துத்தானே எழுதினார். நான் எழுதின முடிவுரையே, இந்தப் பெண்களுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்பதுதான். அவர்களுக்கு விழிப்புக்கு என்ன குறைச்சல்? பயந்துகொண்டு வாயை மூடியிருக்கிறவளிடம் போய், காதைப் பற்றித் தெரிந்துகொள் அம்மா என்று நோட்டீஸ் கொடுப்பதா?

மேலே படித்தேன். பால் பொங்குது சோதனையை எடுத்துவிட்டு, ஏதோ புத்தகத்துப் பெயர் கொண்ட சோதனையைச் செய்ததாகப் போட்டிருந்தார். நாங்கள் செய்யாத சோதனை. அதையும் பேச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசித் தாளில் அவள் போட்டோ. கண்ணுக்கு மேல் பட்டையாகக் கறுப்பு மை.

“இது என்ன, கண்ண மறைச்சிருக்கு?”

“யாருன்னு தெரியக்கூடாதுன்னு போடுதது. ஒன் நல்லதுக்குத்தான் பேச்சி.”

“களவாணிப் பயலுவளுக்குல்லா பேப்பர்ல இப்பிடிப் போடுவான். நான் என்னத்தக் களவாண்டேன்? எம் பேரு எங்க இருக்கு இதுல?”

“நோயாளி பேரு போட மாட்டாவ.”

“சரி, போடாண்டாம். கண்டுபிடிச்சவ பேரு போடுவாவளா?”

“போடுவாவ.”

“கண்டுபிடிச்சது யாரு?”

“நீதான்.”

“அப்ப?”

அவள் பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோனாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு எழுத்தும் அச்சேறாது. அது அவளுக்கும் தெரியும்.

மொட்டைக் கடுதாசி

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் எனக்குக் கை ஓடாது.

நர்சிங் படித்தபோது விடுதிச் சாம்பாரில் புழு. ஒரு நாள் இல்லை, நாள்தோறும். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து முதல்வருக்கு மொட்டைக் கடுதாசி எழுதினார்கள். முதல்வர் அதைக் காலை ஜெபக் கூட்டத்தில் தூக்கிக் காட்டி, “பெயர் போடத் துணிச்சல் இல்லாத காகிதத்துக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்” என்று கிழித்துப் போட்டார்.

நான் அன்று சாயங்காலமே அதையே திரும்ப எழுதி, அடியில் ‘ஜெபக்கனி, இரண்டாம் ஆண்டு’ என்று பெயர் போட்டு, நேரே அவர் மேசையில் வைத்தேன். ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை வெளியே போகக்கூடாது என்று தண்டனை கிடைத்தது. ஆனால் சாம்பார் சரியாகிவிட்டது. புழுவுக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது என்று சிரித்துக்கொண்டே நாலு ஞாயிறும் விடுதியில் கிடந்தேன்.

அன்றிலிருந்து ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்கிறவளின் பெயர் அதன் அடியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிழித்துப் போட அவர்களுக்கு அது சாக்கு.

நாலில் எதில் வைக்கட்டும்?

பேராசிரியரிடம் போனில் நானே பேசினேன். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மா, உங்க நல்ல மனசு புரியுது. ஆனா ஆயாவை ஆசிரியரா போட்டா சிரிப்பாங்க. நோயாளியாவும் இருந்துக்கிட்டு எழுதினவங்களாவும் இருக்கிறது குழப்பம். கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க.”

“சார், அந்த ஜர்னல் சட்டத்தை வரிவரியாப் படிச்சிருக்கேன். யார் பேரைப் போடலாம்னு நாலு காரியம் சொல்லுதாவ. யோசனையிலயோ வேலையிலயோ பங்கு இருக்கணும். எழுதுததுலயோ திருத்துததுலயோ கை வெச்சிருக்கணும். கடைசித் தாளைப் பாத்து ஒத்துக்கிடணும். கேள்வி வந்தா பதில் சொல்லணும். பேச்சி நாலும் செஞ்சிருக்கா, செய்வா. நீங்க எழுதினதையே திருத்திட்டா. உங்க துறைக்காரரை இந்த நாலில் எதில் வைக்கட்டும்? சொல்லுங்க, வைக்கிறேன்.”

“டாக்டர் செல்வத்துக்கிட்ட பேசிக்கிறேன்மா” என்று வைத்துவிட்டார்.

அங்கேதான் எனக்கு உதைத்தது. அந்தப் பேராசிரியர் கல்லூரியில் ஒரு வேலைக்கு டாக்டர் முயன்றுகொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும். டாக்டர் என் எதிரே வந்து நின்றபோது முகம் செத்துப்போயிருந்தது.

“சிஸ்டர், என் நிலைமையைக் கொஞ்சம் யோசிங்க.”

“யோசிச்சிட்டேன் சார். என் பேரை எடுத்துருங்க. அந்த இடத்துல அவ பேரைப் போடுங்க. போடலன்னா என் நோட்டு எங்க வீட்டை விட்டு வராது.”

“கோவப்படாதீங்க.”

“கோவப்படாம என்ன செய்ய? கண்டுபிடிச்சவ கண்ணுல மையப் பூசிட்டு, சம்பந்தமே இல்லாதவன் பேரைக் கொட்டை எழுத்துல போடுததுக்கா நான் ஒரு மாசம் ஒத்த விரலால தட்டுனேன்?”

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளை மேசையில் வைத்தார்.

“சிஸ்டர், இன்னொரு வகை இருக்கு. ஆசிரியருக்குக் கடிதம். நோயாளியும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். நம்ம அனுபவத்தை மட்டும் சொல்லலாம். ஒரு பக்கம்தான். கடைசி வரியைப் படிங்க.”

படித்தேன். கடிதத்தில் மூன்று பேருக்கு மேல் பெயர் போட அனுமதி இல்லை.

“மூணு பேர்தான் சிஸ்டர்” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. “முதல்ல பேச்சியம்மாள், அடுத்து நீங்க, கடைசில நான். சார்கிட்ட நானே சொல்லிட்டேன்.”

அந்தக் கல்லூரி வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. வேறு காரணமாகவும் இருக்கலாம். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

பட்டம் என்ன?

ஒரு மாதம் எழுதியதை ஒரு பக்கமாக வெட்டுவது, பட்டுச் சேலையைக் கைக்குட்டையாக வெட்டுவது மாதிரி இருந்தது. எதை வெட்டுவது, எதை விடுவது என்று பேச்சியிடம் கேட்டுக் கேட்டுத்தான் வெட்டினோம். “பாலையும் பயத்தையும் வெட்டாதிய, மத்தத எடுங்க” என்றாள். அவளே பொறுக்கித் தந்த முதல் வரி, இந்தப் பெண்களுக்குத் தம் காது மந்தம் என்று தெரியும் என்பது.

அனுப்பும் முன் நான் அவளிடம் கேட்டேன். “மவ கல்யாணம் இருக்கே பேச்சி? பேரு வந்தா நாலு பேரு விசாரிப்பான்.”

“பேருதான போடுதோம், செவிடுன்னா போடுதோம்?” என்றாள். கொஞ்ச நேரம் கட்டில் விரிப்பை மடித்தாள். அப்புறம், “தெரிஞ்சாத்தான் என்ன? காதப் பாத்துப் பொண்ணு எடுக்கவன் வீட்டுக்கு எம் மவ போவாண்டாம்” என்றாள்.

கம்ப்யூட்டரில் பெயர்களை ஏற்றும்போது ஒரு கட்டம் வந்தது. பட்டம் என்ன? பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கம் போகாது.

“நான் அஞ்சாப்பு” என்றாள் பேச்சி.

டாக்டர் தலையைச் சொறிந்தார். நான் அவரை நகரச் சொல்லிவிட்டு ஒற்றை விரலால் தட்டினேன்: விசைத்தறி, பதினெட்டு ஆண்டுகள். ஆஸ்பத்திரி ஆயா, ஏழு ஆண்டுகள்.

அடுத்த பக்கம் திறந்தது. கம்ப்யூட்டருக்கு இருந்த மரியாதை மனிதர்களுக்கு இல்லை.

ஜர்னலிலிருந்து இரண்டு கேள்வி வந்தது. முதல் ஆசிரியரின் பங்கு என்ன? எழுதினோம். பால் பொங்குவதைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா? எடுக்க முடியாது என்று எழுதினோம். ரொம்ப நாள் சத்தமே இல்லை. ஒரு நாள் ஏற்றுக்கொண்டோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அச்சான பக்கத்தைப் பேச்சி கையில் வாங்கி, எழுத்துக் கூட்டத் தெரியாத அந்த ஆங்கிலத்தில் தன் பெயர் எது என்று கேட்டாள். காட்டினேன். விரலை வைத்துத் தடவினாள். “என்ன இம்புட்டுச் சின்னதாப் போட்டிருக்கான்!” என்றாள்.

அதற்கப்புறம் எங்கெங்கோ இருந்து, எங்களுக்கும் கட்டுரை தாருங்கள் என்று ‘மதிப்பிற்குரிய டாக்டர் பேச்சியம்மாள்’ பெயருக்கு மெயில் வர ஆரம்பித்தது. படித்துக் காட்டினேன். “அப்ப ஊசி போடட்டுமா ஒங்களுக்கு?” என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

வரிசை

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாச் சமயம். ஊரெல்லாம் கூட்டம். அந்த வருஷம் காய்ச்சல் பரவியதால் மாஸ்க் திரும்ப வந்திருந்தது. சாமி கும்பிட வந்த பேராசிரியர், பழைய மாணவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். போட்டோவில் பார்த்திருந்ததால் நெற்றியை வைத்தே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

வரிசை நிறைய ஆட்கள். பேச்சியின் பழைய தறி முதலாளி அண்ணாச்சியும் சுகர் பார்க்க உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இரண்டு தறிக்காரிகள், அவருடைய கூடத்தில் வேலை செய்கிறவர்கள்.

பேராசிரியர் முதலில் கண்ணில் பட்டவளிடம் கேட்டார். அது பேச்சி. மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் என்னவோ கேட்டது எனக்கே பாதிதான் கேட்டது.

பேச்சி அவர் கண்ணைப் பார்த்தாள். பழைய பேச்சியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருப்பாள். நான் ஓடிப்போய் நடுவில் நின்று பதில் சொல்லலாம் என்று எழுந்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். தன் மாஸ்க்கை இறக்கினாள்.

“மாஸ்க்க இறக்கிட்டுச் சொல்லுங்க சார்” என்றாள், அவளுடைய தறிக்கூடத்துக் குரலில், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி. “எனக்குக் காது கேக்காது. தறியில போயிட்டு.”

அண்ணாச்சி குனிந்து தன் சீட்டைப் படிக்க ஆரம்பித்தார். அந்த இரண்டு தறிக்காரிகளும் பேச்சியின் உதட்டையே பார்த்தார்கள்.

பேராசிரியர் தடுமாறி மாஸ்க்கை இறக்கினார். களைத்துப்போன, சாதாரண முகம்.

“இங்க பேச்சியம்மாள்ங்கிறது யாரும்மான்னு கேட்டேன்.”

“நாந்தான் சார்” என்றாள். “ஒங்களுக்கு என்ன செய்யுது?”